காப்பு எங்கே?

நிரோசனைக் கொல்ல வந்தவன் முதலில் கொன்றது நிரோசனை அல்ல. அவனுடைய கொம்பியூட்டரை.

பெட்டியைப் பிளந்து, உள்ளே இருந்த ஹாட் டிஸ்க்கைப் பிடுங்கி, குசினி அம்மியில் வைத்துக் குழவியால் நொறுக்கியிருந்தான். அதே குழவி அடுத்து நிரோசனின் வலது கையில் விரல் விரலாக இறங்கியிருந்தது. கடைசியில் மண்டையில். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, பட்டப்பகல்.

இன்று வியாழன். பகல் பன்னிரண்டு. பாண்டிருப்பின் எல்லையில், மருதமுனைப் பக்கத்து மதிலோடு ஒட்டிய அந்த வீட்டின் விறாந்தையில் பிரேதப் பெட்டி மூடியபடியே கிடந்தது. திறந்து காட்ட முகம் மிச்சமில்லை.

“காக்கா, நாலு மணிக்குத் தம்பிய கொழும்புக்கு ஏத்துறாங்களாம்,” என்றாள் சுஜித்தா. நிரோசனின் மனைவி. கொலைக்காகப் பொலிஸ் பிடித்து வைத்திருப்பது அவளுடைய தம்பி துசாந்தை. இரண்டு நாள் அழுது தேய்ந்த குரல். “ஏத்தினாங்கள் எண்டா அவன் திரும்பி வரமாட்டான். ஒரே கிழமையில ரெண்டு பேரயும் குடுத்துப்போட்டு நான் ஆரோட இரிக்கிற?”

ஊரார் காக்கா, அண்ணன் என்று அழைக்கும் காலிதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இருபத்திரண்டு வருடம் பொலிசில் இருந்தவர். மேலதிகாரிகளிடம் வாயை மூடத் தெரியாததால் சார்ஜன் பதவியோடு நின்று, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். கந்தோர் என்று தனியாக அலுவலகம் ஒன்றும் இல்லை. உதவியாளர் சிவரூபினியின் ஓட்டோதான் கந்தோர். அவள் ஓட்டுவாள், இவர் பின்சீட்டில் இருந்து யோசிப்பார்.

“தம்பிக்கு எதிரா என்ன வச்சிரிக்காங்க?”

“மூண்டு விசயம்,” என்றாள் சிவரூபினி, விரலை மடக்கி. “ஒண்டு, துசாந் முந்தி இயக்கத்தில இருந்தவன். யுத்தம் முடிஞ்சு பத்து மாசமாகியும் அது முடியல்ல. ரெண்டு, பிடிக்கக்குள்ள அவன்ட சேட்டுப் பொக்கட்டில அக்காட தங்கக் காப்பு ரெண்டு.”

“நான்தான் குடுத்தன்!” சுஜித்தா குறுக்கிட்டாள். “சுரை கழண்டு போச்சு. தட்டாரிட்டக் குடுக்கச் சொல்லிக் குடுத்தன். ஆர் நம்புறாங்கள்?”

“மூண்டாவது இது.” சிவரூபினி ஒரு தாளை நீட்டினாள். பக்கத்து வீட்டு சபியா உம்மாவின் வாக்குமூலம். சிங்களத்தில் அரைப் பக்கம்.

காலிதீன் வாசித்தார். சாரம் இதுதான்: அடிவிழும் சத்தம் கேட்டது. ‘காப்பைத் தருகிறேன், காப்பு சாகாமத்தில் இருக்கிறது’ என்று இறந்தவர் கதறினார். வேறெதுவும் கேட்கவில்லை. சாகாமம் தெற்கே, அக்கரைப்பற்றுக்கு அப்பால் உள்ள கிராமம்.

“ஆக, காப்புக்காகக் கொலை. காப்பு மச்சான்ட பொக்கட்டில. வழக்கு முடிஞ்சிது,” என்றார். “இதச் சிங்களத்தில ஆர் எழுதுவிச்ச?”

“நம்மட நல்லரெத்தினம் அண்ணன்தான். அவர் இல்லாட்டி எங்களுக்கு ஒரு வேலையும் ஓடியிருக்காது,” என்றாள் சுஜித்தா.

தறப்பாள் பந்தலுக்குக் கீழே கதிரை அடுக்கிக்கொண்டிருந்த நல்லரெத்தினம், தன் பெயர் கேட்டுத் தலையசைத்தார். நீதிமன்ற வாசலில் இருந்து பெட்டிசமும் காணி உறுதிப் பத்திரமும் எழுதுகிறவர். சிங்களம் நன்றாக வரும். நிரோசனிடம் தட்டெழுத்து வேலைக்கு அடிக்கடி வந்து போனவர். செத்தவீடு முழுவதையும் தன் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்.

காலிதீன் எழுந்தார். “வா புள்ள. மதிலுக்கு அங்கால போவம்.”

*

சபியா உம்மா கைத்தறியை நிறுத்தாமலே கதைத்தார். சாரன் பாதி நெய்தபடி இருந்தது. சடக், சடக்.

“அண்டைக்கும் இப்பிடித்தான் மகன், தறி அடிச்சிட்டு இரிந்தன். குரல் ஆர்ட எண்டு பிடிபடல்ல. கத்தினது மட்டுந்தான் கேட்டிச்சு. அந்தப் புள்ள கத்தினான், காப்பத் தாறன், காப்பு சாகாமத்தில எண்டு. மத்தவன் அதுக்கு மேலால கத்தினான்.”

சிவரூபினியின் பேனா நின்றது. “மத்தவன் கத்தினானா?”

“ஓம்கா. ‘உண்ட பொண்டாட்டிர காப்பு ஆருக்குடா வேணும்!’ எண்டான். அதுக்குப் புறகு ஒரு அடி. பலாப்பழம் விழுந்த மாதிரி.” தறி நின்றது. சபியா உம்மா முகத்தைத் துணியால் துடைத்தார். “அதுக்குப் புறகு ஒண்டும் கேக்கல்ல.”

“இது பொலிசுக்குச் சொன்னீங்களா உம்மா?”

“ரெண்டயும் செல்லித்தானே அனுப்பினன்!”

வெளியே ஒழுங்கைக்கு வந்ததும் சிவரூபினி வெடித்தாள். “காப்பு வேணாமெண்டு கத்தினவன் காப்புக்காகக் கொன்றானாம். இந்த வரி கடுதாசியில எங்க காக்கா?”

“எழுதக்குள்ள விடுபட்டிரிக்கும்,” என்றார் காலிதீன், மிகவும் சாதாரணமாக.

அவர் சாதாரணமாகக் கதைத்தால் எதையோ பிடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

*

நிரோசனின் அறைச் சுவரில் ஒரு கலண்டர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் சிவப்புப் பேனையால் ஒரே சொல்: காப்பு.

“ஞாயிறு ஞாயிறு பொண்டாட்டிக்குக் காப்பு வாங்குற புருசன் எண்டா, நானே முந்திக் கட்டியிருப்பன்,” என்றாள் சிவரூபினி, குரலைத் தாழ்த்தி.

சுஜித்தாவுக்கு அந்த நிலையிலும் உதடு கோணியது. “ரெண்டு காப்புத்தான் என்னிட்ட இருந்த. சாகாமத்துக்கு ஒருநாளும் அது போகல்ல. அங்க எண்ட பெரியம்மா கனகேஸ்வரி மட்டுந்தான் இருக்கிறா.”

“நிரோசன் ஞாயிறில அங்க போறவரா?” என்றார் காலிதீன்.

“ஒரு கிழமை தவறமாட்டார். பையோட போவார்.”

“கொம்பியூட்டர் பாசையில இங்கிலிஸ் பாவிப்பாரா?” என்றாள் சிவரூபினி, நொறுங்கிய டிஸ்க்கை நினைத்தபடி.

“சீ! பொடியனுகளுக்குத் தமிழ்லதான் படிப்பிப்பார். மவுசுக்குச் சுட்டி எண்டுவார். ஹாட் டிஸ்க்குக்கு வன்தட்டு எண்டுவார். பேக்கப் எடுக்கிறதுக்கு...” சுஜித்தா அப்படியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள். “ஐயோ. காப்பு எடுக்கிற எண்டுவார்.”

சுஜித்தா கலண்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“சுனாமியில இவர்ட அம்மாவும் போய், கொம்பியூட்டரும் போச்சு. அம்மாட படம் எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு படம் மிச்சமில்ல. அதுக்குப் புறகு ஒரே பிடிவாதம். கிழமைக்கு ஒருக்காக் காப்பு எடுக்கோணும், அது கடல் எட்டாத இடத்தில இருக்கோணும்.”

“எதுகள எடுப்பார்? படம், கடிதம்?” என்றார் காலிதீன்.

“முழுசா எண்டுவார்.”

சிவரூபினி விளக்கினாள். “கொம்பியூட்டர இருக்கிற இருப்பில அப்பிடியே வேற டிஸ்க்குக்கு இறக்கிறது காக்கா. வீட்டுச் சாமான ஏத்துறது ஒரு வகை. இது வீட்டையே அத்திவாரத்தோட பேத்துக்கொண்டு போற வகை.”

காலிதீன் கண்ணை மூடினார். விரல் ஒவ்வொன்றாக உடையும்போது அந்த மனிதன் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்ட நகலைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறான். இடத்தையும் சொல்லியிருக்கிறான். கொலைகாரனின் காதில் விழுந்தது மட்டும் தங்கக் காப்பு. தன்னைப் பேய்க்காட்டுகிறான், ஏமாற்றுகிறான் என்று நினைத்து மண்டையைப் பிளந்துவிட்டான்.

ஒரு சொல்லுக்குச் செத்த மனிதன்.

காலிதீன் எழுந்து விறாந்தைக்கு வந்து, பந்தல் முழுவதும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “சுஜித்தா மகள், அழாத! நிரோசன்ட கொம்பியூட்டர் சாகல்ல. காப்பு எண்டது அதத்தான். முழுசா சாகாமத்தில கிடக்கு. நாங்க போய் எடுத்துட்டு வாறம்!”

ஓட்டோவுக்குள் ஏறியதும் சிவரூபினி பல்லைக் கடித்தாள். “ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்திருக்கலாம். கடற்கரைப் பக்கம் ரெண்டு பேருக்குக் கேட்டிருக்காது.”

“கேக்க வேண்டிய ஆளுக்குக் கேட்டிருக்கும். ஓட்டு.”

*

காரைதீவுச் சந்தி தாண்டியதும் ஒரு மோட்டார் சைக்கிள் அவர்களை உரசிக்கொண்டு பறந்தது. முகம் மூடிய ஹெல்மெட். அக்கரைப்பற்று தாண்டிய சோதனைச் சாவடியில் ஓட்டோவை ஓரங்கட்டினார்கள். சீற்றைக் கழற்று, பையைக் கொட்டு, அடையாள அட்டையைக் காட்டு. இருபத்தைந்து நிமிடம். காலிதீனின் நெற்றியில் முதல் தடவையாக வியர்வை.

“என்ன காக்கா, பயமா?”

“ஓட்டு புள்ள. கதைக்காம ஓட்டு.”

சாகாமம் குளக்கட்டுக்குக் கீழே, வயலோரத்தில் கனகேஸ்வரியின் வீடு. படலைக்குள் நுழைந்ததும் நாய் கிடந்தது. கழுத்து பாதி அறுந்து, கால் இன்னும் உதறியபடி. கிணற்றடியில் அந்த மோட்டார் சைக்கிள். ஹெல்மெட் சீற்றில்.

உள்ளே நெல் மூட்டைகள் கிழிபட்டு, வீடு முழுக்க நெல். அதன் மேல் கனகேஸ்வரி. அறுபது வயது உடம்பு ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. இடது கை விரல்கள் போகக்கூடாத திசைகளில் போயிருந்தன. வாயில் இரத்தம். அவருடைய தலைமயிரை ஒரு கையில் சுற்றிப் பிடித்து, மறு கையால் வெட்டுக்கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

நல்லரெத்தினம்.

சிவரூபினிக்கு மூச்சு நின்றது. காலிதீனுக்கு நிற்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

“தெரிஞ்சிருந்திச்சா உங்களுக்கு?”

“சபியா உம்மா ரெண்டு வரி சொன்னா. கடுதாசியில ஒண்டு. நடுவில நிண்டு விழுங்கினது ஆர்? மொழிபெயர்த்தவன்.” காலிதீன் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “செத்தவீட்ட பொறுப்பெடுத்தவன் பிரேதம் எடுக்கும் மட்டும் அசையமாட்டான், அதுக்குள்ள நாம வந்திடலாமெண்டு நினைச்சன். பிழைச்சுப்போச்சு.”

“நீங்க தூண்டில்ல குத்தினது புழு இல்ல காக்கா,” என்றாள் அவள். “ஒரு மனுசிய.”

காலிதீன் மூலைப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

“நாடகத்த நிப்பாட்டுங்க ரெண்டு பேரும்,” என்றார் நல்லரெத்தினம். சட்டை முழுக்க இரத்தம், நெல்லுமி. “கிழவி கல்லு. கொம்பியூட்டர் டிஸ்க்கு எங்க எண்டு அஞ்சு தரம் கேட்டுட்டன். ஒரு விரலுக்கு ஒருக்கா.”

“கொம்பியூட்டர் இல்ல மனே...” கனகேஸ்வரி முனகினார். “அப்பிடி ஒண்டும்... இந்த வீட்ட இல்ல... சத்தியமா இல்ல...”

“பாத்தீங்களா? சாகப்போறாள், இன்னும் பொய்!”

சிவரூபினி அந்த முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும் முகம் அல்ல. உண்மையைச் சொல்லிச் சொல்லி அடிவாங்கி, ஏன் அடிக்கிறான் என்றே விளங்காத முகம். அவளுக்குள் ஏதோ சொடுக்கியது. அதே பிழை. இரண்டாவது தடவை.

அவள் மெல்லக் குந்தி இருந்தாள். “பெரியம்மா. நான் சுஜித்தாட சினேகிதி. நிரோசன் ஒரு காப்பு தந்தவரெல்லா? அது எங்க?”

கனகேஸ்வரியின் கண் விரிந்தது. “காப்பா? அதயா கேக்கிறீங்க? அது அம்மன் காப்பு. வீட்டுக்குக் காவல். பத்திரம் பெரியம்மா எண்டு சொல்லித்தானே தருவார்...” கண்கள் மேலே போயின.

எல்லோருடைய கண்களும் மேலே போயின.

வாசல் நிலையின் உச்சியில், வேப்பிலைக்கும் உலர்ந்த பூவுக்கும் நடுவே, மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனம் அப்பி, கையகலப் பொட்டலம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நல்லரெத்தினம் வீட்டையே கிழித்துத் தேடியது. அவர் அதற்குக் கீழால்தான் உள்ளே வந்திருந்தார்.

அவர் கிழவியை உதறிவிட்டுப் பாய்ந்தார். இடது கை பொட்டலத்தைப் பற்றியது. வலது கை கத்தியால் கயிற்றை அறுத்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே.

அந்த ஒரு விநாடிக்காகத்தான் சிவரூபினி அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். “இப்ப!” என்று அலறினாள்.

மூலையில் சாத்தியிருந்த உலக்கை காலிதீனின் கையில் ஏறியதும் இறங்கியதும் ஒன்றாக நடந்தன. வலது முழங்கையில் பச்சைத் தடி முறியும் சத்தம். ஆனாலும் கத்தி விழுமுன் காலிதீனின் தோளைத் திறந்துவிட்டது. இரத்தம் சட்டையை நனைத்து இறங்க, அவர் இரண்டாம் தடவை ஓங்கினார். முழங்காலுக்கு. நல்லரெத்தினம் நெல்லில் சறுக்கி விழுந்து, இடது கையால் கத்தியைத் தேட, கனகேஸ்வரி ஊர்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பல்லால் கவ்வினார். விடவில்லை. காலிதீன் நல்லரெத்தினத்தின் முதுகில் முழங்காலை ஊன்றிய பிறகும் விடவில்லை.

பொட்டலம் எங்கே?

சிவரூபினி மல்லாக்கக் கிடந்தாள். வயிற்றின் மேல், இரு கையாலும் பொத்தியபடி, மஞ்சள் துணி.

“பிடிச்சிட்டன்,” என்றாள் மூச்சிரைக்க. “உங்கட மருதமுனைக் கிரிக்கெட் டீமில ஒருத்தனும் பிடிச்சிருக்கமாட்டான்.”

*

ஓட்டோ சீற்றுக்கு அடியில் அவளுடைய பழைய லப்டொப். டிஸ்க்கைச் செருகினாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு, நாற்பது கிகா. “சும்மா பாக்கிறவன் ஒண்டுமில்ல எண்டு வீசியிருப்பான்,” என்றபடி திறந்தாள். நொறுங்கிப்போன கொம்பியூட்டர் அறை அறையாக விரிந்தது. போன ஞாயிறு நிரோசன் அதை விட்டுப்போன நிலையிலேயே.

நிரோசன் ‘விளங்கவில்லை’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் பதினொரு காணி உறுதிகள். நிரோசன் வீட்டில் இல்லாத நேரங்களில் நல்லரெத்தினம் அவன் மெசினில் தட்டி, ஸ்கேன் பண்ணி, அழிக்க மறந்தவை; பார்த்த நிரோசன் அவரிடமே விளக்கம் கேட்டிருப்பான். எல்லாம் கடற்கரைக் காணி. எல்லாம் சுனாமிக்கு முந்திய திகதி. விற்றவர்கள் பதினொரு பேர், சுனாமியில் குடும்பத்தோடு போனவர்கள். ஒவ்வொரு உறுதியின் அடியிலும் ஒரு பெருவிரல் அடையாளம், குறுக்கே ஒரே தழும்புக் கோடு.

“பதினொரு செத்த மையித்துக்கு ஒரு பெருவிரல்,” என்றார் காலிதீன். சிவரூபினியின் துப்பட்டா அவர் தோளில் கட்டுண்டு சிவந்திருந்தது. கட்டிப்போட்டிருந்த நல்லரெத்தினத்தின் இடது பெருவிரலை நிமிர்த்திப் பார்த்தார். தழும்பு இருந்தது.

“நல்ல காலம் வலது கையில அடிச்சீங்க,” என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை. கனகேஸ்வரியின் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

குளக்கட்டில் ஏறினால்தான் போனுக்கு சிக்னல். காலிதீன் தோளைப் பொத்திக்கொண்டு ஏறினார். நேரம் மூன்றே கால்.

“வேன் மூண்டு மணிக்கே போயிட்டு,” என்றார் மறுமுனையில் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. “இனி ஒண்டும் செய்ய ஏலா காலிதீன். அவன் கொழும்பு ஆக்கள்ட பொறுப்பு.”

காலிதீன் சிங்களத்துக்கு மாறினார். உறுதிகளைச் சொன்னார், விரலைச் சொன்னார், உடைந்த கிழவியைச் சொன்னார். மறுமுனை அசையவில்லை. ஆதாரத்தை நாளைக்குக் கொண்டுவா என்றது.

“கொண்டு வாறன் சேர். அதோட அந்த வாக்குமூலத்தையும் கொண்டு வாறன். சாட்சி சொன்ன ஒரு வரியை வெட்டிப்போட்டு எழுதுவிச்சவன்தான் கொலைகாரன். அதுக்குக் கீழ கையெழுத்து வச்சது நீங்க. நீதவான் கேட்டா ஆர்ட பேரைச் சொல்லட்டும்?”

காலிதீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

“வேன் இன்னும் அம்பாறை தாண்டியிராது,” என்றார் ஓ.ஐ.சி. கடைசியில். “வயர்லெஸ்ல சொல்றன்.”

*

மைமல், அந்தி சாயும் நேரம். பந்தலடியில் சனம் கலையாமல் நின்றது. நல்லரெத்தினத்தைப் பொலிசிடம் ஒப்படைத்து மீட்டு வந்த துசாந்தை ஓட்டோவில் இருந்து இறக்கினார்கள். இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு கண் மூடியே போயிருந்தது. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, நிலத்தில் ஊன்ற முடியவில்லை. காலிதீன் ஒரு பக்கமும் சிவரூபினி மறுபக்கமும் தாங்கிக்கொண்டார்கள்.

சுஜித்தா ஓடி வந்து, தொட்டால் நோகுமோ என்று தொடாமல் நின்றாள்.

“அக்கா,” என்றான் அவன். பிளந்த உதட்டில் சொல் சிதறியது. “அத்தான எடுத்தாச்சா?”

“இல்லடா.” அவள் வழி விட்டு விலகினாள். “தலைமாட்டுப் பக்கம் தூக்க உன்னப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்.”

துசாந் இரண்டு பேருடைய தோளில் இருந்தும் கையை எடுத்தான். வீங்கிய காலை நிலத்தில் ஊன்றினான். பெட்டியை நோக்கித் தனியாக நடந்தான்.